காறிய எண்ணெயும் உடற்கலங்களும்

வத்தேகமக் கடைவீதியில் மாலைவேளை வடை பொரியும் வாசனை நம்மையும் நிறுத்திவிடுகிறது. ஆயினும், சட்டியில் எண்ணெய் கறுத்து நுரைப்பதைக் கண்டால் நாம் தயங்குகிறோம். வெப்பமும் ஒட்சிசனும் சேர்ந்து கொழுப்பைச் சிதைத்ததன் அடையாளம் அது.

நமது உடற்கலங்களின் மென்சவ்வும் கொழுப்பை அடிப்படையாகக் கொண்டதே. அங்கும் இச்சிதைவு நேரும். ஒரு மூலக்கூறு கெட்டால் அடுத்ததையும் கெடுக்கும், கூரைக்குக் கூரை தாவும் தீயைப் போல. குருதிக் கொழுப்பு இவ்வாறு கெடுவது நாடிச்சுவர் தடிப்பதற்கு ஒரு காரணம். இச்சங்கிலியை அறுக்கவல்லது, 1922இல் இவான்சும் பிஷப்பும் கண்டறிந்த விற்றமின் ஈ.

தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ 90 வீதம் நிரம்பிய கொழுப்பு. ஆதலால் அது எளிதிற் காறாது. எனினும், மீண்டும் மீண்டும் காய்ச்சினால் அதுவும் கெடும். வீட்டிலேனும், ஒருமுறை பொரித்த எண்ணெயை மறுநாட் பொரியலுக்கு எடுத்து வைக்காதிருப்போமாக.