சிறகு மடங்கிய வேளையில்...

கல்வராயன் மலையின் அடிவாரத்தில் விரிந்து கிடக்கும் கள்ளக்குறிச்சி, 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளையும் இந்த மண்ணுக்கும் ஆகாய விமானத்திற்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவலாம். தொடர்பு உண்டு. இம்மாவட்டத்தின் உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆங்கிலேயர் அமைத்த விமான ஓடுதளம் ஒன்று, போர் முடிந்தபின் பயனற்றுப் போயிற்று. மேற்கே சேலத்தை அடுத்த கமலாபுரம் விமான நிலையத்தின் கதையும் ஏற்ற இறக்கம் நிறைந்ததே. 1990களில் என்.இ.பி.சி. விமானம் வந்தது, நின்றது. 2009இல் கிங்ஃபிஷர் வந்தது, நின்றது. 2018இல் ட்ரூஜெட் வந்தது, அதுவும் நின்றது. 2023 அக்டோபரில்தான் அங்கு மீண்டும் பயணிகள் விமானம் இறங்கியது.

விமானம் நின்றால் நாம் பேருந்தில் ஏறிக்கொள்கிறோம். ஆனால், அதை ஓட்டிய விமானியின் வீட்டில் அடுப்பு எவ்வாறு எரிகிறது என்பதை எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

நம் நாட்டில் தனியார் விமான நிறுவனங்கள் சரிந்த வரலாறு நீண்டது. கேரளத்தைச் சேர்ந்த தக்கியுத்தீன் வாஹித் 1992இல் தொடங்கிய ஈஸ்ட் வெஸ்ட் ஏர்லைன்ஸ் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. 1995 நவம்பரில் அவர் மும்பையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே நிறுவனமும் மூடப்பட்டது. 2012இல் கிங்ஃபிஷர் நின்றது. 2019 ஏப்ரல் 17இல் ஜெட் ஏர்வேஸ் தன் கடைசி விமானத்தை இறக்கியது. அதன் விமானிகள் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பிருந்தே முழு ஊதியம் காணவில்லை. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது.

இவற்றுக்கிடையே கொரோனா வந்தது. 2020 மார்ச் 25 முதல் இரண்டு மாதங்கள் உள்நாட்டுப் பயணிகள் விமானங்கள் அடியோடு நின்றன. பின்னர் ஓடத் தொடங்கியும் பழைய நிலை உடனே திரும்பவில்லை. இண்டிகோ பத்தில் ஒரு பங்கு ஊழியரைக் குறைத்தது. ஏர் இந்தியா, ஐந்தாண்டுகள் வரை ஊதியமில்லா விடுப்பில் ஊழியரை அனுப்பும் திட்டத்தை அறிவித்தது. வேலை போகவில்லை, ஆனால் சம்பளம் இல்லை என்னும் இந்த இரண்டுங்கெட்டான் நிலை அமெரிக்காவில் பழகிப்போன ஒன்று. அங்கே கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியேறுவார். நிலைமை சீரடைந்தால் பணி மூப்பு வரிசைப்படி திரும்ப அழைக்கப்படுவார். நம் நாட்டிலோ நிறுவனமே மூழ்கிவிட்டால் திரும்ப அழைக்க ஆளில்லை. விமானி தாமாக விலகினால் ஆறு மாதமோ ஓராண்டோ முன்னறிவிப்பு தர வேண்டும் என்று 2017இல் விதி செய்தார்கள். நிறுவனம் நின்றுபோகும் நாளில் அவருக்கு முன்னறிவிப்பு தருவது யார்?

தையற்காரர் கடையை மூடினால் கைத்தொழில் அவரோடு இருக்கிறது. விமானியின் தொழில் அத்தகையதன்று. ஆண்டுதோறும் மருத்துவச் சோதனையில் தேற வேண்டும். தொண்ணூறு நாட்களுக்குள் மூன்று முறையேனும் விமானத்தை ஏற்றி இறக்கியிராவிட்டால் பயணிகளோடு பறக்க இயலாது. போயிங் ஓட்டியவர் ஏர்பஸ் ஓட்ட மீண்டும் பயிற்சி பெற வேண்டும்; ஜெட் நின்றபோது பலர் எதிர்கொண்ட இடர் இதுவே. ஆக, வருவாய் நின்ற பின்னும் செலவு நிற்பதில்லை.

இங்கேதான் நம் பெற்றோர் சிந்திக்க வேண்டும். விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்கான பயிற்சிச் செலவு இன்று அரைக்கோடி ரூபாயை எட்டுகிறது. பூர்வீக நிலத்தை விற்றும், வட்டிக்குக் கடன் பட்டும் பிள்ளையைப் பறக்க வைக்கும் குடும்பம், அந்தப் பிள்ளை இரண்டாண்டுகள் தரையில் நிற்க நேர்ந்தால் என்ன செய்யும்? பறக்க ஆசைப்படுவது தவறன்று. அதற்காக வட்டியின் சுமையை வீட்டுக்குள் அழைத்து வருவதும், மாற்றுக்கல்வி ஏதுமின்றி ஒரே உரிமத்தை நம்பியிருப்பதும் ஆபத்தானவை. பட்டப்படிப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பயிற்சிக்குச் செல்வதே அறிவுடைமை.

கல்வராயன் மலைவாழ் மக்களைப் பாருங்கள். சாமையும் தினையும் விதைப்பர், மரவள்ளியும் நடுவர், கடுக்காயும் தேனும் புளியும் சேகரிப்பர். ஒன்று பொய்த்தால் மற்றொன்று கைகொடுக்கும். அருள்மறை கூறும் யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. செழிப்பான ஏழு ஆண்டுகளில் உண்டது போக மிஞ்சிய தானியத்தைக் கதிரோடு சேமித்ததால் அல்லவா, பஞ்சமான ஏழு ஆண்டுகளை எகிப்து கடந்தது! பெருஞ்சம்பளம் வரும் நாளில் சிறுவாழ்க்கை வாழ்ந்து சேமிப்பதே விமானிக் குடும்பத்தின் முதற்காப்பு.

இரண்டாவது காப்பு, உழைப்பில் இழிவு இல்லை என்னும் உறுதி. 2020இல் வேலையிழந்த மலேசிய விமானி ஒருவர், தம் விமானிச் சீருடையிலேயே உணவுக்கடை நடத்தினார். அவர் மானம் கெடவில்லை. மாறாக மதிப்பு உயர்ந்தது. தாவூத் நபி (அலை) அவர்கள் அரசராயிருந்தும் தம் கையால் உழைத்து உண்டார்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போற்றியுள்ளார்கள்.

மூன்றாவது காப்பு சமுதாயம். நேற்றுவரை பெருஞ்சம்பளம் வாங்கியவர் என்பதால் அவருடைய இன்றைய இடர் நம் கண்ணில் படுவதில்லை. கடனாளி சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் தருமாறு திருக்குர்ஆன் கட்டளையிடுகிறது. ஜக்காத் பெறும் எட்டு வகையினரில் கடன்பட்டோரும் உள்ளனர். ஜமாஅத்தார் ஆலிம்களிடம் கலந்து, வெளியே சொல்ல நாணும் இத்தகையோரைத் தேடிச் சென்று உதவுவது கடமை. வீட்டில் மனைவியும் மக்களும் குத்திக்காட்டாமல் ஆறுதல் கூறுவது அதனினும் பெரிய உதவி.

காலம் மாறும். 2020இல் வேண்டாதவராகிப் போன விமானிகளே, 2025 டிசம்பரில் போதிய எண்ணிக்கையில் இல்லாமையால் இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் நின்றன. ஆகவே இடைக்காலத்தில் உரிமத்தைக் காலாவதியாகாமல் காத்தவரே மீண்டும் ஏற முடியும். இராமேசுவரத்து அப்துல் கலாம் விமானப்படை விமானியாக விரும்பித் தேர்வுக்குச் சென்றார். எட்டுப் பேருக்கு இடமிருக்க, ஒன்பதாவதாக வந்தார். அந்தக் கதவு மூடியதால் அவர் வாழ்வு முடிந்துவிடவில்லை. பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவரானார்.

அல்லாஹ்வை முறையாகச் சார்ந்திருந்தால், காலையில் ஒட்டிய வயிற்றோடு வெளியேறி மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்பும் பறவைக்கு உணவளிப்பது போல் நமக்கும் அளிப்பான் என்பது நபிமொழியின் கருத்து. அந்தப் பறவை கூட்டிலேயே அமர்ந்திருக்கவில்லை, தேடிப் பறந்தது. இரணம் அளிப்பவன் இறைவன். விமான நிறுவனம் அதற்கு ஒரு வழி மட்டுமே. ஒரு வழி அடைபட்டால் மறுவழி திறப்பவனும் அவனே. அந்த நம்பிக்கையோடு சேமிப்பையும் முயற்சியையும் சேர்த்துக்கொள்வோமாக!