கண் காணாதவர்க்குப் பேசியவர்

ஆரணியில் பட்டு நெய்யும் தெருக்களில், குழித்தறியில் அமர்ந்து கல்யாணப் புடவை நெய்யும் நெசவாளி, அதை உடுத்தப் போகும் மணப்பெண்ணைப் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. ஆயினும் ஓர் இழை அறுந்தால் உடனே தறியை நிறுத்திவிடுகிறார். அந்தக் காட்சியைக் காணும்போதெல்லாம் ஸ்ரீ பூர்ணம் விசுவநாதனை நினைத்துக்கொள்வேன்.

1921-ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர் அவர். 'முள்ளும் மலரும்' நாவலை எழுதிய உமாசந்திரன் அவருடைய தமையனார். இளம் பிராயத்திலேயே நாடக மேடை ஏறிய விசுவநாதன், பின்னர் டில்லி வானொலியில் தமிழ்ச் செய்தி வாசிப்பவரானார். 1947 ஆகஸ்டு 15-ஆம் தேதி, தேசம் விடுதலையடைந்த செய்தியைத் தமிழில் வாசிக்கும் பாக்கியம் அவருக்கே கிட்டியது. எதிரே இருந்ததோ ஓர் ஒலிவாங்கி மட்டுமே. கேட்டவர்களோ கண்ணுக்கெட்டாத தூரத்து ஜனங்கள். அவர்களுக்காக ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தித் தெளிவாக உச்சரிப்பதே அவருடைய தொழிலாயிற்று.

சர்க்கார் உத்தியோகத்தில் இருந்துகொண்டே நாடகத்தையும் அவர் விடாமல் வளர்த்தார். பிற்காலத்தில் சென்னையில் சொந்தக் குழு அமைத்து, எழுத்தாளர் சுஜாதாவின் நாடகங்களை மேடையேற்றினார். அவற்றுள் 'கடவுள் வந்திருந்தார்' பிரசித்தமானது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஸ்ரீநிவாசனிடம், எதிர்காலத்திலிருந்து ஒருவன் வந்து சேர்கிறான். அவன் மற்றவர் கண்ணுக்குத் தெரியமாட்டான். ஆகவே வீட்டார் ஸ்ரீநிவாசனுக்குச் சித்தம் கலங்கிவிட்டதென்று முடிவு கட்டுகிறார்கள். ஸ்ரீநிவாசனாக நடித்தவர் விசுவநாதனே. பிறர் காணாத ஒருவனோடு பேசும் வேடம், காணாத ஜனங்களோடு பேசிப் பழகியவருக்கு எவ்வளவு பொருத்தம்!

தலை நரைத்த பிறகே வெள்ளித்திரை அவரை அதிகமாக அழைத்தது. 'வருஷம் 16' படத்தில் (1989) கூட்டுக் குடும்பத்துப் பாட்டனாரையும், 'மகாநதி'யில் (1994) சிறையில் வாடும் பஞ்சாபகேசனையும் கண்டவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். தொலைக்காட்சி நாடகங்களிலும் நடித்தார். உரக்கக் கத்தி அழவைக்கும் வித்தை அவரிடம் இல்லை; தணிந்த குரலில், சொல் சிதையாமல் பேசியே நம் கண்களை நனையச் செய்தார். 2008-இல் அவர் காலமானார்.

எங்கள் வகுப்பில் பிள்ளைகள் பாடம் வாசிக்கும்போது வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்கிவிடுவது வழக்கம். "நான்தானே ஸார் கேட்கிறீர்கள்?" என்றான் ஒரு பையன். "கடைசி வரிசையில் இருப்பவனுக்கு வாசி, அப்பா" என்றேன். பிறகு பூர்ணம் விசுவநாதனின் கதையைச் சொன்னேன். மறுபடி வாசித்தான், இம்முறை கடைசிச் சொல்லும் கேட்டது.