பால் கட்டினால் பிசைய வேண்டாம்

பிள்ளை பெற்ற பெண்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் பிரசவக் கதை வரும், பத்தியக் கறிக் கதை வரும், பிள்ளை இரவிரவாக அழுத கதை வரும். பால் கட்டிய கதை மட்டும் வராது. மார்பைப் பற்றிக் கதைப்பது வெட்கம் என்று நாம் பழகிவிட்டோம். அந்த வெட்கத்தாலும் அறியாமையாலும் ஒரு பக்கப் பாலை என் மூத்த மகனுக்கு நானே இல்லாமல் செய்தேன். என் தங்கைக்கும் அதே பிழையைச் செய்யப் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தறப்பாளின் கீழ்

மகனுக்கு இரண்டு மாதம். 2006 ஓகஸ்ட்டில் சம்பூர்ப் பக்கத்திலிருந்து சனத்தோடு சனமாக வெளிக்கிட்டோம். ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை என்று நடந்தும், உழவு இயந்திரப் பெட்டியில் ஏறியும் போய், கடைசியில் மட்டக்களப்புப் பக்கத்தில் ஒரு முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்தோம்.

அங்கேதான் முதல் தடவை வலது மார்பில், கமக்கட்டுக்குக் கீழே, பாக்களவில் ஒரு கட்டி வந்தது. தொட்டால் உயிர் போனது. அம்மாவும் பக்கத்துக் கொட்டில் ஆச்சியும் தமக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். சுடுதண்ணீரில் துணி தோய்த்து ஒத்தடம் கொடுத்தார்கள். நல்லெண்ணெய் பூசிப் பெருவிரலால் அழுத்திப் பிசைந்தார்கள். "கட்டி உடைய வேணும் பிள்ளை, பல்லைக் கடிச்சுக் கொண்டிரு" என்றார் ஆச்சி. நான் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அடுத்த நாள் அந்த இடம் சிவந்து, இன்னும் வீங்கியது. மூன்று நாளில் ஒருவாறு கரைந்தது. பத்து நாள் கழித்து அதே இடத்தில் மறுபடியும் வந்தது.

நான்கு மாதத்தில் ஐந்து தடவை. ஐந்தாவது தடவை குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. "அது கெட்ட பால், பிள்ளைக்குக் குடுக்காதே" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அந்தப் பக்கம் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். மற்றப் பக்கம் போதாது என்று பயந்து பால்மாவும் கரைத்துக் கொடுத்தேன். பவுசரில் வந்த தண்ணீர். போத்தலை அவிக்க விறகில்லை. மகனுக்கு வயிற்றோட்டம் பிடித்தது. பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்த ஒரு கிழமையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்று பின்னர் அறிந்தேன். அதே 2006 மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் பூமியதிர்ச்சி வந்தபோது நன்கொடையாகப் பால்மா பங்கிட்டார்கள். பின்பு கணக்கெடுத்தபோது, பால்மா கிடைத்த சிறு பிள்ளைகளில் ஏறக்குறைய 25 வீதமானோருக்கு வயிற்றோட்டம் இருந்தது. கிடைக்காத பிள்ளைகளில் அது 12 வீதமளவே. இடம்பெயர்ந்த இடத்தில் தாய்ப்பாலை நிறுத்துவது பிள்ளையின் உயிரோடு விளையாடுவதாகும்.

எண்ணெய்ப் போத்தலோடு போனேன்

அண்மையில் திருக்கடலூரில் இருக்கும் என் தங்கைக்குப் பிள்ளை பிறந்தது. ஐந்தாவது கிழமை தொலைபேசியில் அழுதாள். "அக்கா, கட்டியாக் கிடக்கு. தொட ஏலாது. போன மாதமும் இப்பிடித்தான்."

நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? நல்லெண்ணெய்ப் போத்தலையும் சுடுதண்ணீர்ப் பிளாஸ்க்கையும் பையில் வைத்ததுதான். எனக்கு வலித்ததெல்லாம் மறந்துவிட்டது. செய்முறை மட்டும் மறக்கவில்லை.

நல்ல காலம், அன்று மிட்வைப் மிஸ் என்று நாம் கூப்பிடும் குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளையைப் பார்க்க வந்திருந்தார். என் கையில் எண்ணெயைக் கண்டதும், "அக்கா, அதை வையுங்கோ. பிசையக் கூடாது" என்றார்.

"அப்ப கட்டி எப்பிடி உடையும்?"

"அது உடைக்கிற கட்டி இல்லை, அக்கா. வீக்கம்."

பிறகு விளங்கப்படுத்தினார். மார்புக்குள் பால் நாளங்கள் மெல்லிய வேர்கள் போல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒரு குழாயில் தயிர்க்கட்டி போல ஏதோ அடைத்துக் கிடக்கிறது என்றே நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. நாளங்களைச் சுற்றியுள்ள தசை வீங்கி நாளத்தை நெருக்குகிறது. பால் வர வழி ஒடுங்குகிறது. வீங்கிய இடத்தைப் பிசைந்தால் உள்ளேயுள்ள சிறு இரத்தக் குழாய்கள் காயப்பட்டு வீக்கம் கூடும். கடும் சூடும் வீக்கத்தைக் கூட்டலாம். சுளுக்கி வீங்கிய காலை யாராவது பிசைவார்களா?

முன்பு வைத்தியப் புத்தகங்களிலும் சூட்டு ஒத்தடம், அழுத்திப் பிசைதல், பாலை முழுதாக வெளியேற்றல் என்றே இருந்தது. ஆகவே எங்கள் அம்மாமாரைக் குறைசொல்வதற்கில்லை. பாலூட்டல் மருத்துவத்துக்கான சர்வதேச வைத்தியர் அமைப்பொன்று 2022 ஆம் ஆண்டில் தனது வழிகாட்டலை மாற்றியது. பிசைய வேண்டாம், குளிர் ஒத்தடம் கொடுங்கள், வழமைபோலப் பாலூட்டுங்கள் என்பதே அதன் சாரம்.

துறையிலிருந்து வந்த ஐஸ்

குளிர் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா எழும்பிவிட்டார். "பிள்ளைப்பெத்த உடம்புக்குக் குளிரா? சன்னி பிடிக்கும்!" என்றார். மிட்வைப் மிஸ் கோபிக்கவில்லை. "தலைக்கு வார்க்கச் சொல்லேல்லை அம்மா. கட்டி உள்ள இடத்தில மட்டும், துணி சுத்தி, கொஞ்ச நேரம்" என்றார்.

மீன்பிடிக்கிற ஊரில் ஐஸுக்குப் பஞ்சமா? தங்கையின் கணவர் துறைக்குப் போய், மீன் பெட்டிக்கு உடைக்கிற ஐஸில் கொஞ்சம் கொண்டுவந்தார். அதைப் பொலித்தீன் பையில் கட்டி, மேலே சுத்தமான துணி சுற்றி, பத்து நிமிடம் வைத்தோம். ஒரு மணித்தியாலம் விட்டு மறுபடியும் வைத்தோம். ஐஸ் இல்லாதவர்கள் மண்பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை வைக்கலாம். கழுவிக் குளிர்ந்த கோவா இலையும் சுகம் தரும். ஐஸை நேரே தோலில் வைக்கக் கூடாது.

அன்று நாம் செய்த மற்றவை இவை:

பிள்ளை கேட்கும் போதெல்லாம் இரண்டு பக்கமும் வழமைபோலக் கொடுத்தாள். கட்டியுள்ள பக்கத்தை நிறுத்தவில்லை. அந்தப் பால் பிள்ளைக்குக் கெடுதல் செய்யாது.

விரல் நுனிகளால், பிள்ளையின் கன்னத்தைத் தொடுகிற அளவு மெதுவாக, மார்பிலிருந்து கமக்கட்டுப் பக்கமாகவும் காறையெலும்புப் பக்கமாகவும் தடவினோம். இதனால் வீக்கத்தின் நீர் வடியும். வலித்தால் அழுத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

வலிக்குப் பனடோல் எடுத்தாள். பாலூட்டும் தாய்க்கு அது பாதுகாப்பானது. இபுபுரோஃபென் மாத்திரை வீக்கத்தையும் குறைக்கும். ஆனால் வயிற்றுப்புண், ஆஸ்துமா உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

மறுநாள் காலை கட்டி பாதியாகிவிட்டது. பின்னேரம் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

ஒரு தடவை கட்டினால் ஆற்றிவிடலாம். திரும்பத் திரும்ப வந்தால் காரணத்தைத் தேட வேண்டும். தங்கையிடம் இரண்டு காரணங்கள் இருந்தன. கர்ப்பத்துக்கு முந்திய இறுக்கமான மார்புக்கச்சையையே இன்னும் பாவித்தாள். மிஞ்சிய பால் புளித்துப்போகும் என்று அம்மா சொன்னதால், ஒவ்வொரு தடவையும் கொடுத்து முடிந்த பின் கையால் பிழிந்து ஊற்றினாள். மார்பு குடமல்ல, வெறுமையாக்குவதற்கு. எடுக்க எடுக்க உடம்பு இன்னும் சுரக்கும். தேவைக்கு மேல் சுரந்தால் மீண்டும் கட்டும். இரண்டையும் விட்டாள். பிறகு ஒரு தடவை மட்டும் வந்தது. குளிர் ஒத்தடத்தோடு ஒரு நாளில் போனது.

பிள்ளை காம்பை மட்டும் பிடித்துச் சப்பினாலும் பால் சரியாக இறங்காது. வாயை அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டத்தின் பெரும்பகுதியைப் பிடிக்க வேண்டும். பிள்ளை பிடிக்கும் விதத்தைக் கிளினிக்கில் ஒருமுறை காட்டிக் கேளுங்கள். காம்பின் நுனியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஊசியால் குத்தாதீர்கள்.

எனது காரணம் வேறு. முகாமில் நிவாரண வரிசையிலும் தண்ணீர் வரிசையிலும் பாதி நாள் போகும். ஆண்கள் சூழ்ந்த இடத்தில் மார்பைத் திறக்க மனம் வராது. மகன் அழுதால் வாயில் விரலை வைத்துச் சமாளிப்பேன். கட்டி வந்த நாட்களை இன்று எண்ணிப் பார்த்தால், எல்லாம் வரிசை நாட்களுக்கு அடுத்த நாட்கள். என்னோடு இருந்த எத்தனையோ பேர் கணவரை இழந்தோ, தேடிக்கொண்டோ பிள்ளைக்குப் பால் கொடுத்தார்கள். பயமும் கவலையும் பாலை வற்றச் செய்வதில்லை, இறங்குவதைத் தாமதப்படுத்தும். பிள்ளையை உடம்போடு அணைத்து, ஆறுதலாக இருந்து கொடுத்தால் மீண்டும் இறங்கும். ஆனால் அந்த ஆறுதலுக்கு ஓர் இடம் வேண்டும். ஒரு சேலையை மறைப்பாகக் கட்டி, "நீ உள்ளே இருந்து குடு, உன்ர இடத்தை நான் பிடிக்கிறன்" என்று சொல்ல ஒரு பெண் இருந்திருந்தால், எனக்கு அந்த ஐந்து தடவையும் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இன்று வரிசைக்குப் பதிலாக வேலைத்தளம் இருக்கிறது. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்க்கு ஒன்பது மணித்தியால வேலையில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உண்டு. வேலைத்தளத்தில் பிள்ளை பராமரிக்கும் இடம் இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடத்துக்கும், இல்லையேல் ஒரு மணித்தியாலத்துக்கும் குறையக் கூடாது. இது சலுகையல்ல, உரிமை. கேட்டு வாங்குங்கள்.

எப்போது வைத்தியசாலைக்குப் போக வேண்டும்?

ஒரு நாளாகியும் கட்டி குறையாவிட்டால், காய்ச்சலோ நடுக்கமோ வந்தால், சிவப்புப் பரவினால், காம்பிலிருந்து சீழ் வந்தால் அன்றே வைத்தியரிடம் போங்கள். கிருமித் தொற்றானால் பாலூட்டும் தாய்க்கு ஏற்ற மருந்து உண்டு. சொன்ன நாள் வரை முழுமையாக எடுக்க வேண்டும். சீழ்க்கட்டியானால் வைத்தியர்கள் அதை வடித்து எடுப்பார்கள். அப்போதும் பாலைத் தொடர்ந்து கொடுக்கலாம். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் வருகிற, அல்லது கரையாமல் நிற்கிற கட்டியை ஸ்கான் செய்து பார்ப்பது அவசியம். பாற்கட்டி என்று நாமே தீர்மானித்துவிட்டு வேறு நோயைத் தவறவிடக் கூடாது. இரவில் நிலைமை மோசமானால் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

அன்பான சகோதரிகளே, 2016 ஆம் ஆண்டு எடுத்த குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளில் 82 வீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். இத்தனை தாய்மார் பால் கொடுக்கும் நாட்டில் பால் கட்டுவது புதுமையல்ல, வெட்கமும் அல்ல. உங்கள் அயலில் பிள்ளை பெற்ற பெண் இருந்தால், பிள்ளை சுகமா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "மார்பில் நோ ஏதும் இருக்கா?" என்றும் கேளுங்கள். எண்ணெய்ப் போத்தலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். போய் அவள் பால் கொடுத்து முடியும் வரை அடுப்பைப் பாருங்கள், தண்ணீர் அள்ளிக் கொடுங்கள். என் தங்கைக்கு அதைத்தான் செய்தேன். இப்போது அவளுடைய மகள் இரண்டு பக்கமும் குடிக்கிறாள்.