பொருளுக்குக் கீழே ஒரு பிம்பம்: போட்டோ எடுக்க எந்தத் தளம் வாங்கலாம்?

விளம்பரங்களில் வரும் படங்களைக் கவனித்திருப்பீர்கள். மொபைல் போன், கைக்கடிகாரம், சென்ட் பாட்டில் என எதுவாக இருந்தாலும், அதன் கீழே அதே பொருளின் உருவம் தலைகீழாக, மெல்லியதாகத் தெரியும். கம்ப்யூட்டர் திரையிலும் இந்த அழகு ஒரு காலத்தில் கொடி கட்டிப் பறந்தது. 2006ல் வெளியான ஐட்யூன்ஸ் 7 தொகுப்பில் ஆல்பம் அட்டைகள் இப்படித்தான் வரிசையாக நின்றன. 2007ல் வந்த மேக் லெப்பர்ட் சிஸ்டத்தின் டாக் பட்டையும் ஐகான்களைப் பிரதிபலித்துக் காட்டியது.

இன்று வீட்டிலிருந்தே நகை, பொம்மை, கைவினைப் பொருட்கள் செய்து இணையம் வழியே விற்பவர்கள் பலர். தங்கள் பொருளையும் இப்படிப் படம் எடுக்க விரும்பி, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை வாங்கி அதன் மேல் பொருளை வைத்துவிடுகிறார்கள். படத்தை மானிட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் பிம்பம் இரண்டாகத் தெரிகிறது. செலவழித்த பணம் வீண். இதனைத் தவிர்க்க, வாங்கும் முன் தெரிந்து கொள்ள வேண்டியவற்றை இங்கு பார்க்கலாம்.

பிம்பம் ஏன் இரண்டாகிறது?

முகம் பார்க்கும் கண்ணாடியில் ரசப்பூச்சு அடிப்பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு பிம்பம் பளிச்செனக் கிடைக்கும். கண்ணாடியின் மேல்பரப்பும் கொஞ்சம் ஒளியைத் திருப்பி அனுப்புவதால், மங்கலாக இன்னொரு பிம்பமும் வரும். சாதாரண ஜன்னல் கண்ணாடியைக் கருப்புத் துணி மேல் வைத்தாலும் இதே கதைதான். மேல்பரப்பு, அடிப்பரப்பு இரண்டும் தனித்தனியே பிரதிபலிக்கும். கண்ணாடி தடிமனாக இருந்தால், இரண்டு பிம்பங்களுக்கும் இடையே உள்ள இடைவெளியும் கூடும்.

எனவே நமக்குத் தேவை, ஒரே ஒரு பரப்பு மட்டும் பிரதிபலிக்கும் தளம்.

எவற்றை வாங்கலாம்?

1. கருப்பு அக்ரிலிக் ஷீட்: கடைகளின் பெயர்ப் பலகைகள் செய்யப் பயன்படும் பளபளப்பான பிளாஸ்டிக் இது. உள்ளே நுழையும் ஒளியைக் கருப்பு நிறம் விழுங்கிவிடுவதால், மேல்பரப்பில் இருந்து மட்டுமே பிம்பம் வரும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதுவே முதல் தேர்வு. பெயர்ப் பலகை செய்யும் கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் இருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். சிறிய பொருட்களுக்கு 2 அடிக்கு 2 அடி அளவும் 3 மி.மீ. தடிமனும் போதும். இதை விட மெல்லியதாக இருந்தால் ஷீட் வளையும். பிம்பமும் சேர்ந்து வளையும்.

2. வெள்ளை அக்ரிலிக் ஷீட்: இதிலும் பிம்பம் உண்டு. ஆனால் தளமே வெளிச்சமாக இருப்பதால் மிக மெல்லியதாகத்தான் தெரியும். மென்மையான தோற்றம் விரும்புபவர்களுக்கு ஏற்றது. அமேசான் போன்ற தளங்கள் முதல் படத்திற்குத் தூய வெள்ளைப் பின்னணி கேட்கின்றன. ஆர்ஜிபி மதிப்பில் சொன்னால் 255, 255, 255. எனவே அங்கு விற்பவர்கள், கருப்புத் தளத்தில் எடுத்த படங்களை அடுத்தடுத்த படங்களாகப் பயன்படுத்திடலாம்.

3. பாலிஷ் செய்த கருப்பு கிரானைட்: சமையல் மேடைக்குப் போட்டது போக மீந்த துண்டு வீட்டில் இருந்தால், செலவே இல்லை. பிம்பம் தெளிவாக இருக்கும். கல்லில் உள்ள புள்ளிகள் படத்தில் தெரியும் என்பதுதான் குறை. கனமும் அதிகம்.

4. டைல்ஸ், மைக்கா: பளபளப்பாகத் தோன்றினாலும், பலவற்றின் மேல்பரப்பில் கண்ணுக்கு எளிதில் தெரியாத மேடு பள்ளங்கள் இருக்கும். பிம்பம் நெளியும். சோதித்துப் பார்த்த பின்னரே வாங்கவும்.

ஆளை நிற்க வைத்து முழு உருவப் படம் எடுப்பதாக இருந்தால், 8 அடிக்கு 4 அடி அளவுள்ள முழு அக்ரிலிக் ஷீட் தேவைப்படும். அதனைச் சமமான தரையில் விரிக்க வேண்டும். வழுக்கும் என்பதால் கவனம் தேவை. கண்ணாடிப் பலகையில் யாரையும் நிற்க வைக்க வேண்டாம்.

கடையிலேயே இரண்டு சோதனைகள்

முதல் சோதனைக்கு ஒரு பேனா போதும். அதன் முனையைத் தளத்தில் வைத்துச் சாய்வாகப் பாருங்கள். பேனா முனையும் பிம்பத்தின் முனையும் ஒன்றையொன்று தொட்டு, ஒரே பிம்பம் தெரிந்தால் நல்ல தளம். இடையில் இடைவெளி தெரிந்தாலோ, இரண்டு முனைகள் தெரிந்தாலோ வேண்டாம்.

அடுத்து, தளத்தில் விழும் டியூப்லைட்டின் பிம்பத்தைப் பாருங்கள். ஷீட்டை மெல்ல நகர்த்தும்போதும் அந்தக் கோடு நேராகவே இருக்க வேண்டும். நெளிந்தால், உங்கள் பொருளின் பிம்பமும் நெளியும்.

கேமராவைத் தாழ்த்துங்கள்

பிம்பம் அழுத்தமாக வர, விலை கூடிய தளம் தேவையில்லை. கேமராவின் உயரத்தை மாற்றினாலே போதும். அக்ரிலிக், கண்ணாடி போன்றவற்றின் மேல்பரப்பு, நேர் மேலிருந்து பார்க்கும்போது சுமார் 4 சதவீத ஒளியைத்தான் திருப்பி அனுப்புகிறது. தளத்தில் இருந்து 30 டிகிரி கோணத்தில் பார்த்தால் இது சுமார் 9 சதவீதம். 10 டிகிரிக்குத் தாழ்த்தினால் ஏறத்தாழ 39 சதவீதம்! உங்கள் லென்ஸில் போலரைசிங் பில்டர் மாட்டியிருந்தால் கழற்றிவிடவும். அது பிம்பத்தையே மறைத்துவிடக் கூடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பளபளப்பான தளம் பொருளை மட்டும் காட்டுவதில்லை. பொருளுக்குப் பின்னால் இருப்பதையும் காட்டும். கருப்பு ஷீட் வாங்கினாலும், பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் படத்தில் தரை வெளுத்துத்தான் தெரியும். தரை கருப்பாக வேண்டும் எனில், பின்னால் கருப்புத் துணியையோ கருப்பு சார்ட் பேப்பரையோ தொங்கவிடவும். ஒரே ஷீட்டை வைத்துக் கொண்டு, பின்னால் இருக்கும் பேப்பரை மாற்றி மாற்றிப் பல தோற்றங்களைப் பெறலாம்.

ஷீட்டைப் பாதுகாக்க

அக்ரிலிக்கில் எளிதில் கீறல் விழும். மேலே ஒட்டியிருக்கும் காப்புத் தாளை, படம் எடுக்கும் நாள் வரை உரிக்க வேண்டாம். காய்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் கீறல் விழுவதோடு, மின்னேற்றம் உண்டாகித் தூசு மேலும் வந்து ஒட்டும். மென்மையான மைக்ரோபைபர் துணியைச் சோப்பு நீரில் நனைத்துத் துடைக்கவும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர், ஸ்பிரிட் இரண்டையும் பயன்படுத்தக் கூடாது. ஷீட்டில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றிவிடும்.

கம்ப்யூட்டரிலேயே செய்துவிட முடியாதா?

முடியும், ஆனால் எல்லாப் பொருட்களுக்கும் அல்ல. இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் சாப்ட்வேரில், பின்னணியை நீக்கிப் பொருளைத் தனி லேயராக எடுத்துக் கொள்ளவும். இமேஜ் மெனுவில் கேன்வாஸ் சைஸ் சென்று, கீழே இடத்தை அதிகப்படுத்தவும். லேயர் மெனுவில் டூப்ளிகேட் லேயர் கிளிக் செய்திடவும். பின் அதே மெனுவில் டிரான்ஸ்பார்ம், பிளிப் வெர்டிகலி தேர்ந்தெடுத்தால் நகல் தலைகீழாகும். அதை இழுத்து வந்து பொருளின் அடியில் பொருத்தி, ஒபாசிட்டி அளவை 20 அல்லது 30க்குக் குறைத்திடவும்.

புத்தகம், அட்டைப் பெட்டி போன்றவற்றை நேர் முன்னால் இருந்து எடுத்த படங்களுக்கு இது சரியாக வரும். ஆனால் சற்று மேலிருந்து எடுத்த ஒரு காபி டம்ளருக்கு இதனைச் செய்தால் ஏதோ பொய்யாகத் தெரியும். காரணம், தளத்தில் விழும் உண்மையான பிம்பம் டம்ளரைக் கீழிருந்து பார்த்தது போல இருக்கும். கேமரா பதிவு செய்யாத அந்தப் பக்கத்தை, படத்தைத் தலைகீழாக்கிப் பெற முடியாது.

ஷீட் வாங்கிய பின், ஒரு படம் மட்டும் எடுத்துக் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். ஜிம்ப்பில் திறந்து கீ போர்டில் 1 தட்டினால், படம் 100 சதவீத அளவில் கிடைக்கும். பிம்பத்தின் ஓரங்களையும் தூசுப் புள்ளிகளையும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் மற்றப் பொருட்களையும் எடுக்கத் தொடங்கலாம். ஒரு நிமிடம் தளத்தைத் துடைத்தால் போகும் தூசியை, பின்னர் ஐம்பது படங்களில் ஒவ்வொன்றாக நீக்குவது மணிக்கணக்கான வேலை.