ஐந்து வாட் உரிமை

சட்டைப்பையில் கிடக்கும் செல்போன் ஒரு டிரான்ஸ்மிட்டர். கூடத்து மூலையில் மினுக்கும் வைஃபை பெட்டியும் டிரான்ஸ்மிட்டர்தான். காசு கொடுத்து வாங்கியவர் நாமே என்றாலும், இவற்றைத் திறந்து அலையை அனுப்பும் பகுதியில் கை வைக்க நமக்கு அனுமதி இல்லை. தொழிற்சாலையில் சோதித்து ஒப்புதல் வாங்கிய நிலையிலேயே அவை இயங்க வேண்டும் என்கிறது சட்டம். இந்தக் கட்டுப்பாடு நியாயமானது. ஆளாளுக்கு அலைவரிசையில் விளையாடினால் யாரும் யாருடனும் பேச முடியாது. ஆனால் இதே சட்டம் சாதாரண ஆளுக்கு ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. தேர்வெழுதி ஹாம் எனப்படும் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் பெற்றவர் தன் டிரான்ஸ்மிட்டரைத் தானே வடிவமைக்கலாம், கட்டலாம், பிடிக்காவிட்டால் பிரித்து மாற்றலாம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ரேடியோ விதிகள் அமெச்சூர் சேவையின் நோக்கங்களாக மூன்றைச் சொல்கின்றன: சுயபயிற்சி, பரஸ்பரத் தொடர்பு, தொழில்நுட்ப ஆய்வு. அந்த வரிசையில் சுயபயிற்சிக்குத்தான் முதலிடம், பேச்சு அதற்கு அடுத்ததுதான். வீட்டு மேசையில் சால்டரிங் அயனோடு உட்கார்ந்து அலையை அனுப்பவும் வாங்கவும் செய்யும் ஐந்து வாட் டிரான்சீவர் கட்டுகிறவரை ஹாம் உலகத்தின் ஓரத்தில் இருக்கும் கிறுக்கராகப் பார்ப்பது வழக்கம். உண்மையில் எந்தக் காரணத்துக்காக அந்த அலைவரிசைகள் பொதுமக்களுக்கு ஒதுக்கப்பட்டனவோ, அந்தக் காரணத்தை நேராக நிறைவேற்றுகிறவர் அவர்தான்.

ஐந்து வாட் என்றதும் முதல் சந்தேகம் எழும். வீட்டு எல்இடி பல்பே ஒன்பது வாட் எடுக்கிறது. அதில் பாதி சக்தியை வைத்துக்கொண்டு எங்கே போய்ச் சேர்வது? கணக்கைப் பார்த்தால் சந்தேகம் பாதி கரையும். ரிசீவரில் சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ்-மீட்டரில் ஒரு படி இறங்க, அனுப்பும் சக்தி நான்கில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். கடையில் கிடைக்கும் வழக்கமான ஹாம் ரேடியோ நூறு வாட். அதை இருபத்தைந்தாக்கினால் ஒரு படி, ஆறேகாலாக்கினால் இரண்டு படி. அதாவது நூறு வாட்காரருக்கும் ஐந்து வாட்காரருக்கும் நடுவே இருப்பது எஸ்-மீட்டரில் இரண்டு படிக்குச் சற்றே கூடுதலான தூரம், அவ்வளவே. சிற்றலையைத் தொலைவுக்குக் கொண்டுபோவது நம் சக்தி மட்டுமல்ல. தலைக்கு மேலே அயனோஸ்பியர் அதை மடக்கித் தரைக்குத் திருப்புகிறது. அது ஒத்துழைக்கும் நேரத்தில் சிறு சக்தியும் கண்டம் தாண்டும், ஒத்துழைக்காத நேரத்தில் நூறு வாட்டும் திணறும். இரட்டைப் பல்சார் ஆய்வுக்காக 1993-ல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோ டெய்லரும் ஒரு ஹாம். இரைச்சலுக்குள் புதைந்து காதுக்கே எட்டாத சிக்னலைக் கணினி தோண்டி எடுக்கும் முறைகளை அவர் உருவாக்கினார். அவற்றில் ஒன்றான விஸ்பர் முறையில் ஒரு வாட்டுக்கும் குறைவான சக்தி கடல் தாண்டிப் பதிவாவது இன்று அன்றாட நிகழ்ச்சி.

மீதிப் பாதிச் சந்தேகம் நியாயமானதே. நகரத்து அடுக்குமாடியில் எல்இடி டிரைவர், இன்வெர்ட்டர், சார்ஜர் எல்லாம் சேர்ந்து எழுப்பும் மின்னிரைச்சலில் பலவீனமான சிக்னல் மூழ்கிப்போகும். 7 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு அரை அலை நீள ஆன்டெனா கட்ட இருபது மீட்டர் கம்பி வேண்டும். எல்லா மொட்டை மாடியிலும் அது விழாது. மோர்ஸும் டிஜிட்டல் முறைகளும் தாக்குப்பிடிக்கும் அளவுக்குக் குரல் தாக்குப்பிடிக்காது. குறைந்த சக்தியை ஹாம்கள் கியூஆர்பி என்பார்கள். அந்தப் பக்கம் போகிறவருக்கு அதிகாலை, அந்திப் பொழுது, நல்ல ஆன்டெனா, பொறுமை எல்லாம் வேண்டும். ஆனால் கட்டிப் பார்க்கிறவருக்குச் சிறு சக்தி வேறொரு வகையில் வரம். 12 வோல்ட் பேட்டரி போதும். உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் இல்லை. தப்பு செய்தால் கருகுவது சில ரூபாய் டிரான்சிஸ்டர். தப்பு மலிவாக இருக்கும் இடத்தில்தான் ஒருவர் துணிந்து கற்க முடியும்.

இதற்கு நம் பக்கத்திலேயே, ஹைதராபாத்தில், உலகம் அறிந்த ஒரு சான்று உண்டு. அஷ்ஹர் ஃபர்ஹான் 2000-களின் தொடக்கத்தில் வடிவமைத்து எல்லோருக்குமாக வெளியிட்ட பிட்எக்ஸ் டிரான்சீவர்தான் அது. வெளிநாட்டுக் கட்டுரைகள் கேட்கும் டோராய்டு வளையங்கள் இந்தியச் சிறுநகரத்தில் கிடைக்காது என்பதை ஒப்புக்கொண்டே அவர் வடிவமைப்பைத் தொடங்கினார். காயில் சுற்றத் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷரையே எடுத்துக்கொண்டார். கணினி போர்டுகளுக்காக லட்சக்கணக்கில் தயாராகி மலிவாக விற்கும் 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்கள்தான் அதன் இதயம். சென்னை ரிச்சி தெருவில் கைப்பை நிறைய அள்ளலாம் என்ற வகைச் சரக்கு. பேசும் குரல் முதலில் 10 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஏறுகிறது. அப்போது அதன் இருபுறமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இரண்டு பட்டைகள் விழும். இரண்டிலும் இருப்பது ஒரே செய்தி. கிரிஸ்டல்களைக் கோத்துச் செய்த வடிகட்டி ஒன்றை மட்டும் விட்டு மற்றதை வெட்டுகிறது. எஞ்சியதை 4 மெகாஹெர்ட்ஸ் அலையோடு கலந்தால் 14 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் வந்து நிற்கும். கேட்கும்போது இதே பயணம் தலைகீழாக நடக்கிறது. கேட்பதற்கும் பேசுவதற்கும் ஒரே வடிகட்டி, ஒரே கலப்பிகள். நடுவிலுள்ள பெருக்கிகள் மட்டும் எதிரெதிர்த் திசையில் இரட்டையாக அமைந்து, எந்தப் பக்கத்துக்கு மின்சாரம் கொடுக்கிறோமோ அந்தப் பக்கம் விழித்துக்கொள்ளும். கஞ்சத்தனத்தில் பிறந்த அழகு இது. மொத்தச் சுற்றையும் ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் எதற்கு என்று விரல் வைத்துச் சொல்லிவிடலாம்.

அந்தத் தாளைப் படிப்பதற்கும் கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் கடைசிக் கட்டத்தில் தெரியும். சக்தியை வெளியேற்றும் டிரான்சிஸ்டர் ஐஆர்எஃப்510. மின்சாரத்தை மாறி மாறித் திறந்து மூடும் சுவிட்ச் வேலைக்காகச் செய்யப்பட்ட மாஸ்ஃபெட் அது. ஹாம்கள் அதை ரேடியோ வேலைக்கு இழுத்துக்கொண்டதற்குக் காரணம் விலை. குரலை அது சிதைக்காமல் பெருக்க வேண்டுமானால், எதுவும் பேசாத நிலையிலும் கொஞ்சம் மின்னோட்டம் அதில் ஓடியபடி இருக்க வேண்டும். அம்மீட்டரைத் தொடராக வைத்து, அந்த மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் பிரீசெட்டைச் சின்ன ஸ்குரூ டிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். முதலில் முள் அசையவே அசையாது. கால் சுற்று, இன்னும் கொஞ்சம், அப்போதும் ஒன்றுமில்லை. பிறகு ஒரு புள்ளியில் சடாரென எழும்பும். சில பத்து மில்லியாம்பியரில் நிறுத்தினால் பிழைத்தது. பொறுமையிழந்து ஒரு திருகு கூடுதலாகத் திருப்பினால் மாஸ்ஃபெட் சூடேறி, சூட்டினாலேயே இன்னும் அதிக மின்னோட்டம் இழுத்து, புகைந்து போகும். ஹீட் சிங்க் எதற்கு, மின்னோட்டத்தை ஏன் வரம்புக்குள் வைக்கிறோம் என்பதைப் பாடப்புத்தகம் இரண்டு வரியில் சொல்லிவிடும். விரல் நுனிக்கு அது புரிவது இங்கேதான்.

கிட் வாங்கி ஒட்டுவதில் என்ன கல்வி இருக்கிறது, படத்தைப் பார்த்து ஒட்டினால் யாருக்கும் வருமே என்பது அடுத்த ஆட்சேபம். இதில் உண்மை இருக்கிறது. பின்னாளில் ஃபர்ஹானின் எச்எஃப் சிக்னல்ஸ் நிறுவனம் விற்ற பிட்எக்ஸ்40, மைக்ரோபிட்எக்ஸ் போர்டுகள் பெரும்பாலும் பாகங்கள் ஒட்டப்பட்ட நிலையிலேயே வந்தன. வாங்கியவர் ஸ்பீக்கர், மைக், நாப், பெட்டி ஆகியவற்றை இணைத்தால் போதும். ஆனால் கல்வி தொடங்குவது அதற்குப் பிறகு, மாற்ற ஆரம்பிக்கும்போது. பிட்எக்ஸ்40 போர்டில் கடைசி டிரான்சிஸ்டருக்கு மட்டும் தனி மின்சாரம் கொடுக்க வழி விட்டிருந்தார்கள். 12 வோல்ட்டுக்குப் பதில் 24 கொடுத்தால் சக்தி சில மடங்காகும். கூடவே ஹீட் சிங்க் பெரிதாக வேண்டும், பவர் சப்ளை தாங்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று ஏன் அசைகிறது என்பதை மாற்றுகிறவர் கற்கிறார். டிஸ்பிளேயையும் அலை உருவாக்கும் எஸ்ஐ5351 சிப்பையும் ஆட்டிவைத்த ஆர்டுயினோ நிரலும் திறந்தே இருந்ததால், உலகெங்கும் பலர் அதைத் திருத்தி எழுதினார்கள். மூலத்தை விடத் திருத்தல்கள் வசதியாக அமைந்ததும் உண்டு.

வீட்டில் கட்டிய டிரான்ஸ்மிட்டர் மற்றவர்களுக்குத் தொல்லை தராதா என்பதுதான் எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம். தரும், தந்திருக்கிறது. பெருக்கி கொஞ்சம் பிசகினாலும் 7 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறவரின் எதிரொலி 14-லும் 21-லும் விழும். அதைத் தடுக்கவே ஆன்டெனாவுக்கு முன்னால் லோ பாஸ் ஃபில்டர் வைக்கிறார்கள். அமெரிக்க விதிப்படி சிற்றலையில் இத்தகைய வேண்டாத அலை, மூல சிக்னலை விட 43 டெசிபெல் கீழே இருக்க வேண்டும். அதாவது ஏறக்குறைய இருபதாயிரத்தில் ஒரு பங்கு. 2017 கடைசியில் அறிமுகமான மைக்ரோபிட்எக்ஸ் 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை எல்லாப் பட்டைகளையும் ஒரே போர்டில் அடக்கியது. அது கைக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே வாங்கியவர்கள் எந்த அலை எவ்வளவு வருகிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் அதை மாட்டிப் பார்த்து, சில பட்டைகளில் இந்த வரம்பைத் தாண்டுகிறது என்று கண்டுபிடித்தார்கள். ஃபில்டரில் குறையில்லை. ஃபில்டர்களை மாற்றிக் கொடுக்கும் ரிலேக்களில் உள்ளே போகும் தடமும் வெளியே வரும் தடமும் நெருங்கிக் கிடந்ததால், வேண்டாத அலை ஃபில்டரைச் சுற்றிக் குறுக்கே தாவியது. இன்னொரு குறையும் இருந்தது. 28 மெகாஹெர்ட்ஸில் அனுப்பினால் 17-ல் ஒரு போலி முளைத்தது; உள்ளே பயன்பட்ட 45 மெகாஹெர்ட்ஸ் அலையிலிருந்து 28-ஐக் கழித்தால் வருவது அதுதான். பயனாளர்களே காரணம் தேடினார்கள், தடத்தை வெட்டி மாற்றினார்கள், கூடுதல் ஃபில்டர் சேர்த்தார்கள். பின்னர் வந்த ஐந்தாம் பதிப்பில் வடிவமைப்பே திருத்தப்பட்டது. முதல் போர்டுகளில் ஒலி பெருக்கிய ஐசியின் ஒரு தொகுதி சரக்கு வெடிப்பதைக் கண்டு, அடுத்த பதிப்பில் ஐசியையே நீக்கிச் சாதாரண டிரான்சிஸ்டர்களைப் போட்டதும் இதே வழியில்தான். சுற்றுப்படம் திறந்திருந்ததால் குறையும் வெளியே வந்தது, மருந்தும் வெளியிலிருந்தே வந்தது. மூடிய பெட்டியாக இருந்தால் வாங்கியவருக்குக் குறை இருப்பதே தெரிந்திருக்காது. ஆக, தொல்லை தரும் சாத்தியம் வீட்டில் கட்டுவதற்கு எதிரான வாதம் அல்ல. அளந்து பார்க்காமல் ஆன்டெனாவில் மாட்டுவதற்கு எதிரான வாதம். அங்கேயும் ஐந்து வாட் கைகொடுக்கிறது. அதன் இருபதாயிரத்தில் ஒரு பங்கு கால் மில்லிவாட். பெரிய டிரான்ஸ்மிட்டர் அதே அளவு பிசகினால் தொல்லையும் அதே விகிதத்தில் பெருகும்.

செல்போன் இருக்கும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு ஹாம்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் பேரிடர். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு ஒன்று போர்ட் பிளேரில் இருந்தது. சுனாமி அடித்துத் தொலைபேசிகள் ஓய்ந்தபோது அந்தமானின் சேதியை வெளியே கொண்டுவந்தவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். பெருமைக்குரிய வரலாறுதான். ஆனாலும் வீட்டில் கட்டும் ரேடியோவுக்கு அதைச் சாட்சிக்கு அழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உயிர் ஊசலாடும் நேரத்தில் கையில் இருக்க வேண்டியது பலமுறை சோதித்த, பலமான கருவி. பேரிடரில் மேசைக் கருவியை விட அதைக் கட்டிய ஆள் அதிகம் பயன்படுவார். கனெக்டர் அறுந்தாலும், கிடைத்த கம்பியில் ஆன்டெனா கட்ட வேண்டியிருந்தாலும் கை நடுங்காதவர் அவர். கடையில் வாங்கினால் இதைவிட நல்லது கிடைக்குமே என்ற வாதத்துக்கும் இதுவே பதில். கிடைக்கும், மறுப்பதற்கில்லை. அதன் ரிசீவர் கூர்மையானது, அளவுகள் துல்லியமானவை. ஆனால் அதன் உள்ளே நுண்பாகங்கள் பல அடுக்காகப் புதைந்திருப்பதால், பழுதானால் பெரும்பாலோருக்குப் பார்சல் கட்டி அனுப்புவதுதான் வழி.

லைசென்ஸ் விஷயத்தில்தான் என்னிடம் முழுத் திருப்தியான பதில் இல்லை. இந்தியாவில் 12 வயது நிரம்பியவர் அடிப்படை மின்னணுவியலும் விதிமுறைகளும் அடங்கிய தேர்வை எழுதலாம். மோர்ஸ் தெரியாதவர்களுக்கு ரெஸ்டிரிக்டட் கிரேடு இருக்கிறது. பாடம் கடினமில்லை. ஆனால் ஆர்வம் கொதிக்கும் வயதில் இருக்கும் பையனையோ பெண்ணையோ படிவமும் சரிபார்ப்பும் காத்திருப்பும் சோர்வடைய வைக்கும். தேர்வு வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. தன் அலையைத் தானே காவல் காக்கும் பொறுப்பு அந்த உரிமையோடு சேர்ந்தே வருகிறது. காத்திருக்கும் காலத்தில் ரிசீவரை மட்டும் கட்டிப் பழகலாம். பாதி வித்தை அதிலேயே இருக்கிறது.

இப்போது இந்தக் கலையே இடம் மாறிக்கொண்டிருக்கிறது. ஹைதராபாத்திலிருந்து அடுத்து வந்த எஸ்பிட்எக்ஸில் ராஸ்பெரி பை கணினி உட்கார்ந்து, முன்பு கிரிஸ்டலும் டிரான்சிஸ்டரும் பார்த்த வேலையில் பெரும்பகுதியை நிரலாகவே செய்துவிடுகிறது. மாற்ற நினைப்பவர் முதலில் தொடுவது கீபோர்டை. சால்டர் புகை இல்லாததைக் கற்றல் என்று ஏற்க மூத்தவர்கள் சிலருக்கு மனம் வராது. நிரலும் திறந்திருக்கிறது, படிக்கலாம், கெடுக்கலாம், சரிசெய்யலாம் என்பதால் எனக்கு அந்த வருத்தம் இல்லை. தவிர, கணினி எத்தனை வேலையை விழுங்கினாலும் ஆன்டெனா முனையில் சூடேறும் மாஸ்ஃபெட்டையும், அதன் பின்னால் நிற்கும் லோ பாஸ் ஃபில்டரையும் அதனால் விழுங்க முடியவில்லை. அந்த ஃபில்டரின் வளையத்தில் கம்பியை இன்னும் கையால்தான் சுற்றுகிறார்கள். ஒரு சுற்று கூடினாலோ குறைந்தாலோ ஸ்பெக்ட்ரம் அனலைசர் காட்டிக்கொடுத்துவிடும்.