ஓசூர் எல்லைப்பகுதிக்கு ஒரு பல்கலைக்கழக நூலகம்: நேரத்தை அடிப்படையாகக் கொண்ட கட்டட வடிவமைப்பு

சேலத்தில் 1997ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பெற்ற பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்கள் அடங்கும். ஓசூரில் பயிலும் மாணவர் ஒருவர் தம் பல்கலைக்கழக நூலகத்தை அடைய ஏறத்தாழ 160 கி.மீ. செல்ல வேண்டும். பெங்களூரு 40 கி.மீ. தொலைவிலேயே இருப்பினும் அங்குள்ள பல்கலைக்கழக நூலகங்களில் அவர் உறுப்பினர் அல்லர். இவ்விடைவெளியை நிரப்ப ஓசூரில் ஒரு நூலகமும் கற்றல் மையமும் எழுப்பப்படுமாயின், அதன் வடிவமைப்பு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924இல் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரம் வீணாகலாகாது என்பதாகும். இவ்விதி பெரும்பாலும் பட்டியலாக்கத்தோடும் நூல் அடுக்குமுறையோடும் மட்டுமே பொருத்திப் பார்க்கப்படுகிறது. ஓசூரில் அது கட்டடத்தின் அடிப்படைக் கேள்வியாகிறது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் முதலிய ஆலைகளும் சிப்காட் வளாகங்களும் அமைந்த இந்நகரில் வேலைநேரம் ஷிப்டுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. பணியாற்றிக்கொண்டே தொலைநிலைக் கல்வி பயில்பவருக்கும் போட்டித் தேர்வுக்கு ஆயத்தமாகும் இளைஞருக்கும் மாலையில் மூடப்படும் நூலகம் இல்லாத நூலகமே ஆகும்.

இரவிலும் திறந்திருக்க வேண்டும் என்று விதி எழுதுவது எளிது. அதைக் கட்டடம் அனுமதிக்க வேண்டும். படிப்பறை மூன்றாம் தளத்திலும் நூலடுக்குகள் கீழ்த்தளங்களிலும் அமைந்தால், இரவில் ஐம்பது பேர் படிப்பதற்காகக் கட்டடம் முழுவதற்கும் விளக்கும் காவலும் தேவைப்படும். அச்செலவே சில மாதங்களில் இரவுச் சேவையை நிறுத்திவிடும். ஆகவே படிப்பறை, கணினிப் பகுதி, குடிநீர், கழிப்பறை ஆகியவை தனி வாயிலுடன் தரைத்தளத்தில் ஒரே தொகுதியாக அமைய வேண்டும். நூலடுக்குகளுக்குச் செல்லும் வழியை மட்டும் இரவில் தனியே பூட்டக்கூடியதாக வைக்க வேண்டும். வாயில் பேருந்துச் சாலையை நோக்கி, வெளிச்சமான இடத்தில் இருப்பது பெண் தொழிலாளரைப் பொறுத்தவரை அலங்காரமன்று, முன்நிபந்தனை. சென்னையில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்பதற்கெனத் தனிப்பகுதி ஒதுக்கப்பட்டிருப்பது இங்கு நினைக்கத்தக்கது. நூலை நாடி வருவோரைப் போன்றே இடத்தை நாடி வருவோரும் வாசகரே.

அடுத்தது சுமை. இந்தியத் தர விதி 875இன் இரண்டாம் பகுதி, தனி நூலடுக்கு அறையை உடைய நூலகத்தின் படிப்பறைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன் சுமையையும், 2.2 மீட்டர் உயர அடுக்குகளைக் கொண்ட அறைக்கு 6 கிலோநியூட்டன் சுமையையும் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. உயரம் கூடக் கூடச் சுமையும் கூடும். படிப்பறைக்கெனக் கட்டிய தளத்தில் பின்னாளில் அலமாரிகளை நிரப்புவது நம் கல்லூரிகள் பலவற்றில் இயல்பாக நிகழ்வது. நூல்கள் பெருகும் என்பது உறுதியாதலால் தொடக்கத்திலேயே எல்லாத் தளங்களையும் அடுக்குச் சுமைக்கு வடிவமைப்பதே அறிவுடைமை. இதனால் தொடக்கச் செலவு கூடும். பின்னர்த் தளத்தை வலுப்படுத்தும் செலவு அதனினும் மிகுதி.

நூல்தொகுப்பைப் பொறுத்தவரை, தமிழோடு தெலுங்கு, கன்னடம், உருது ஆகியனவும் வழங்கும் எல்லைப்பகுதி இது. அம்மொழி நூல்களை ஒரு மூலையில் 'பிறமொழி' எனக் குவிப்பது வாசகரை விருந்தாளியாக்கிவிடும். பொருள்வாரியாக எம்மொழி நூலும் அருகருகே நிற்பதே தகும். நடுகற்கள் மிகுந்த இம்மாவட்டத்தில் கல்வெட்டு மைப்படிகளுக்குத் தூசியும் ஈரமும் புகாத ஓர் அறையும் வேண்டும். ஆய்வாளர் இன்று இவற்றுக்காகவே ஊர் ஊராக அலைகின்றனர்.

1931இல் மன்னார்குடி வட்டாரத்தில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நடமாடும் நூலகம் நடத்தினார். தளி, தேன்கனிக்கோட்டை மலையோர ஊர்களுக்கு நூல் செல்ல வேண்டுமாயின், வாகனம் வந்து நின்று நூல் ஏற்றுவதற்குரிய மேடையும் கூரையும் இக்கட்டடத்தின் முதல் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும்.