வரி கொடுப்பவன் வாய் திறக்கலாமா?

சென்னை பெசன்ட் நகர் கடற்கரையின் வடகோடியில், அடையாறு கடலோடு கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது ஊரூர் ஒல்காட் குப்பம். கட்டுமரக்காரர்களின் பழைய ஊர். சோழமண்டலக் கரையில் உள்ள இத்தகைய மீனவ ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமான ஒவ்வொரு ஆண்மகனும் ஊருக்குத் தலைக்கட்டு வரி கட்ட வேண்டும். கட்டியவன் ஊர்க் கூட்டத்தில் எழுந்து பேசலாம், கணக்குக் கேட்கலாம், பஞ்சாயத்தாரையே மடக்கலாம். (பெண்களுக்கு அந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் இடம் இல்லை என்பது தனி வழக்கு.) வரி கொடுத்தவனுக்கு வாய் உண்டு. கடற்கரை நியாயம் அது.

அங்கிருந்து மேற்கே சில மைல் போனால் கிண்டி குதிரைப் பந்தய மைதானம். அங்கே நியாயம் வேறு!

கிண்டியில் குதிரைகள் ஓடத் தொடங்கியது 1777-ல் என்பார்கள். சென்னை ரேஸ் கிளப் 1896-ல் பிறந்தது. அன்று முதல் பந்தய நாட்களில் புத்தகமும் பென்சிலுமாக வந்து நின்றவர்கள் எத்தனையோ பேர். குமாஸ்தா, கடைக்காரர், ரிக்‌ஷாக்காரர், ஓய்வு பெற்ற வாத்தியார் எல்லோரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. அவர்கள் கட்டும் பணம்தான் இந்த விளையாட்டின் உயிர்நாடி. டோட் கவுண்டரில் விழும் பணத்தில் கிளப் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. அரசாங்கமும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. மிச்சம்தான் ஜெயித்தவர்களுக்கு.

சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு

1974-ல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. அப்போது முதல்வர் கருணாநிதி. பந்தயத்தால் சீரழிந்த குடும்பங்களின் கண்ணீர் அந்தச் சட்டத்தின் பின்னால் இருந்தது. அது பொய்க் கண்ணீரும் அல்ல. கிளப் ஐகோர்ட்டில் தோற்று சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1986-ல், எம்.ஜி.ஆர். ஆட்சியில், கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் வந்தது. டாக்டர் கே.ஆர். லட்சுமணன் பெயரில் அதை எதிர்த்தும் வழக்கு. 1996 ஜனவரி 12-ந் தேதி தீர்ப்பு வெளியாயிற்று. நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு அது. குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்ட விளையாட்டு அல்ல, திறமைக்கு இடமுள்ள விளையாட்டு என்றார் அவர். 1986-ம் ஆண்டுச் சட்டமும் செல்லாமல் போயிற்று.

இதில்தான் வேடிக்கை இருக்கிறது. திறமை குதிரைக்கும் ஜாக்கிக்கும் மட்டும் உரியதல்ல. குதிரையின் வம்சம், முந்தைய ஓட்டங்கள், சுமக்கும் எடை, ஜாக்கியின் கை, இத்தனையையும் சீர்தூக்கிப் பார்த்துக் கணிப்பவனிடமும் திறமை உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் உயிரான வாதம். ஆக, ரசிகனின் மூளையைக் காட்டித்தான் பந்தயம் பிழைத்தது! பிழைத்த பிறகு ரசிகனை யாரும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

நஷ்டம் யாருக்கு?

ஜி.எஸ்.டி. வந்த கதையைப் பாருங்கள். கிளப்பின் கமிஷனுக்கு மட்டும் அல்ல, பந்தயத்தில் கட்டும் முழுத் தொகைக்கும் 28 சதவீதம் வரி என்றார்கள். 100 ரூபாய் கட்டினால் 28 ரூபாய் வரி. கர்நாடக ஐகோர்ட்டு 2021 ஜூனில், கமிஷனுக்குத்தான் வரி என்று சொன்னது. வழக்குப் போட்டவர்கள் கிளப்புகள், ரசிகர்கள் அல்ல. 2023 அக்டோபரில் சட்டத்தையே திருத்தி முழுத் தொகைக்கு வரி என்று உறுதி செய்துவிட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம் ஆகிவிட்டது.

வருமான வரிக் கதை இன்னும் சுவையானது. வருமான வரிச் சட்டப்படி, பந்தயக் குதிரை வளர்த்து நஷ்டப்பட்டவர் அந்த நஷ்டத்தை நான்கு ஆண்டுகள் வரை கணக்கில் கொண்டுபோய், அதே தொழிலில் வரும் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் சீட்டு வாங்கிப் பந்தயம் கட்டியவர் ஒன்பது வாரம் தோற்றுப் பத்தாவது வாரம் பெரிய தொகை ஜெயித்தால், 30 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் மிச்சம் கைக்கு வரும். ஒன்பது வார நஷ்டம் அவர் தலையில். குதிரைக்காரருக்காகப் பேச ஆள் இருந்தது. சீட்டு வாங்கியவருக்காகப் பேச ஆள் இல்லை.

வெளிநாட்டில் இப்படி வாய் மூடி இருக்கவில்லை. அமெரிக்காவில் 2008-ல் பந்தயம் கட்டுபவர்களே ஒரு சங்கம் தொடங்கினார்கள். உறுப்பினராகச் சந்தா இல்லை. கென்டக்கி டெர்பி நடக்கும் சர்ச்சில் டவுன்ஸ் மைதானம் 2014-ல் தன் பிடித்தத்தை வெற்றிப் பந்தயத்தில் 16-லிருந்து 17.5 சதவீதமாகவும், கூட்டுப் பந்தயங்களில் 19-லிருந்து 22 சதவீதமாகவும் உயர்த்தியது. சங்கம் உடனே பகிஷ்காரம் அறிவித்தது. அந்தப் பருவத்தில் மைதானத்தின் வசூல் சரிந்தது. பிடித்தம் இறங்கிவிடவில்லை; ஆனால் கூட்டத்துக்கும் கோபம் வரும் என்று நிர்வாகத்துக்குத் தெரிந்தது. பிரிட்டனில் 2015-ல் பந்தய நிர்வாக அமைப்பே முன்வந்து, பந்தயம் கட்டுபவர்களின் குரலுக்கென ஒரு மன்றம் அமைத்தது.

நம் ஊரில் ஏன் இல்லை? காரணம் வெட்கம்தான். ரேஸுக்குப் போவதை மனைவியிடமே மறைப்பவர் சங்கத்தில் எப்படிப் பெயர் கொடுப்பார்? கிரிக்கெட் ரசிகர் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்பவர்கள் உண்டு. ரேஸ் ரசிகர் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார். அவருக்குத் தன் மீதே சந்தேகம். அந்தச் சந்தேகம் சில வீடுகளில் நியாயமானதும்கூட. மாதச் சம்பளம் கவுண்டரில் கரைந்த வீட்டுக்காரியிடம் ரசிகர் உரிமை பற்றிப் பேசிப் பாருங்கள்! உண்மையில் சங்கம் ஒன்று இருந்தால் அதன் முதல் வேலை, அளவு மீறிக் கட்டுபவரைத் தடுத்து நிறுத்த ஒரு ஏற்பாடு கேட்பதாக இருக்கலாம். வாடிக்கைக்காரர் சீரழிவதை எடுத்துச் சொல்ல வியாபாரியைவிட இன்னொரு வாடிக்கைக்காரரே தகுந்தவர்.

2024 செப்டம்பர் 9-ந் தேதி காலை கிண்டி மைதானத்துக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். 1945-ல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்ட 160 ஏக்கர் நிலம். ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 காசு. பாக்கி 730 கோடி ரூபாய் என்றது அரசாங்கம். கிளப் கோர்ட்டுக்குப் போயிற்று. ஏரி வெட்டலாம், பூங்கா வைக்கலாம் என்று ஆளுக்கொரு யோசனை வந்தது. நிலத்துக்கு உரியவர் பேசினார், குத்தகைக்காரர் பேசினார், வெள்ளத்தில் தவித்த வேளச்சேரிக்காரர்களுக்காகவும் பேச்சு எழுந்தது. புத்தகமும் பென்சிலுமாக மைதானத்துக்கு வந்துகொண்டிருந்தவர், மறுநாள் பேப்பரில் அதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டார்.